சட்டப்படின்னா

மனைவி கழுத்தில் வெள்ளைப் பட்டையைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது நீதிபதிக்கு அந்த போன் வந்தது.

ராணுவ ஆட்சி போய் வந்த புதிய அரசின் சட்ட அமைச்சர். பதவியேற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"இன்னைக்கு அந்த நர்ஸ் வழக்குல தீர்ப்பு சொல்றீங்களாமே. சட்டப்படி செய்ங்க."

அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

பழைய கட்சி ஆண்டபோது "பாத்துச் செய்ங்க" என்றால் விட்டுவிட வேண்டும். அடுத்து வந்த ராணுவம் "கவனிச்சுக்குங்க" என்றால் உள்ளே தள்ள வேண்டும். இரண்டு பாஷையும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதவி உயர்வெல்லாம் சும்மாவா வந்தது?

இது என்ன புதுப் பாஷை?

ராணுவம் சுட்ட அன்று ஆஸ்பத்திரிக்கு எத்தனை பிணம் வந்தது என்று கேட்டவர்களிடம் அந்த நர்ஸ் உள்ளதைச் சொன்னாள். அன்றிலிருந்து சிறையில் கிடக்கிறாள். அவள் பெற்ற கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அம்மா வாய்தா தவறாமல் வருகிறாள்.

"ஏம்மா, சட்டப்படின்னா என்ன அர்த்தம்?"

கேட்டவரின் முதுகுக்குப் பின்னால், சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் உருப்போடும் தடிப் புத்தகம் அலமாரியில் இருந்தது. எழுதியவர் அவரேதான்.

"அந்தப் பொண்ணு தப்புப் பண்ணலைன்னா விட்டுடுங்கன்னு அர்த்தம்" என்றாள் மனைவி, முடிச்சை இறுக்கியபடி.

அவர் அவளைப் பரிதாபத்தோடு பார்த்தார். உலகம் தெரியாதவள்.

விடுதலை செய்து, அதுவே தன்னை மாட்டிவிட வைத்த பொறியாக இருந்தால்? தண்டித்து, அவள் அமைச்சருக்கு வேண்டியவளாக இருந்துவிட்டால்? காரில் வழியெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டார். அவள் குற்றம் செய்தாளா என்று மட்டும் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. வெட்கங்கெட்ட மனுஷன்.

கூண்டில் நர்ஸ் முகம் மலர்ந்து நின்றாள். துணிமணியை மூட்டையாகக் கட்டிக் காலடியில் வைத்திருந்தாள். எதிரே அம்மாவின் மடியில் குழந்தை.

நீதிபதி தீர்ப்பை இன்னொரு தேதிக்குத் தள்ளிவைத்தார். அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது.

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண் காவலரிடம் கேட்டது நீதிபதியின் காதிலும் விழுந்தது.

"ஆட்சி மாறிடுச்சுன்னு சொன்னீங்களே அக்கா, பொய்யா?"