சீழியின் பாதம்

விளக்கை அணைத்தார்கள். திரையில் சீழி வந்தாள்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். இன்னொருவர் “ச்சீ” என்று சிரித்தார்.

சீழியை எழுதியவளுக்குப் பெருமையாக இருந்தது. சீழி அவள் உண்டாக்கிய தெய்வம்.

கம்பெனி புதிதாகச் செய்துகொண்டிருந்த கணினி விளையாட்டுக்கு ஒன்பது தெய்வங்கள் தேவைப்பட்டன. எந்தப் புராணத்திலும் இல்லாத தெய்வங்கள். இடிக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, வழி தவறியவர்களுக்கு ஒன்று என்று எட்டை ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஒன்பதாவது, நோய்க்கான தெய்வம். விளையாடுகிறவர்கள் கடைசியில் சதுப்பு நிலத்தில் கொல்ல வேண்டியவள்.

கொல்லும்போது ஒருத்தருக்கும் பரிதாபம் வரக் கூடாது, கண்டாலே அருவருக்க வேண்டும் என்று தேவநேசன் சொல்லியிருந்தார். குழுவுக்கு அவர்தான் தலைவர்.

அவள் யோசிக்கவே இல்லை. எழுத உட்கார்ந்ததும் வந்துவிட்டது.

வெளிப்பக்கம் மடங்கிய வலது பாதம். அதன் விளிம்பு மட்டும் தரையில் படும். குதிகாலில் அழுக்கேறிக் கறுத்த வெடிப்புகள். முழங்கால்வரை ஏற்றிச் செருகிய சேலை. பின்னால் இழுபடும் ஈரத்துணி. துணி பட்ட இடமெல்லாம் புழு நெளியும்.

ஓவியர் ஷெரின் ஒரு வரியைக்கூட விடாமல் வரைந்திருந்தாள்.

தேவநேசன் படத்தைப் பெரிதாக்கினார். பாதம் சுவரை நிறைத்தது.

இந்தக் கால் எப்படித்தான் தோன்றியது என்று கேட்டார்.

தெரியவில்லை, எழுதும்போது தானாக வந்தது என்றாள்.

கைதட்டினார்கள்.

கதவு திறந்தது. டீ கப்புகளை எடுக்கப் பவுனம்மாள் வந்தாள். மூன்று வருடமாக அந்த மாடியைக் கூட்டித் துடைப்பவள். யாரும் திரும்பவில்லை.

பவுனம்மாள் மேசையைச் சுற்றி வந்தாள். வலது காலின் விளிம்பு மட்டும் தரையில் பட்டது.

சீழியை எழுதியவள் திரையையும் அந்தக் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எழுதும்போது அவள் தலை நிமிர்வதில்லை. காலையில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஈரத்துணியோடு அந்தக் கால் கடந்து போகும். நகர்ந்து வழி விடுவாள். மேலே பார்த்ததில்லை.

படத்தை மாற்றக் கை நீட்டினாள். கீபோர்டு தேவநேசனிடம் இருந்தது.

பவுனம்மாள் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கப்பை எடுத்துத் தட்டில் வைத்தாள். சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“காலு அப்பிடியே வந்திருக்கும்மா.”

குரலில் கோபம் இல்லை. தட்டோடு வெளியே போய்விட்டாள்.

சீழியை வேறு மாதிரி எழுதித் தருகிறேன் என்று அவள் எழுந்தாள். தேவநேசனுக்குப் புரியவில்லை. ஒன்பதிலும் உருப்படியாக வந்தது இது ஒன்றுதான், இதை யாரும் தொடக் கூடாது என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள்.

பவுனம்மாள் துடைத்து அதிக நேரம் ஆகியிருக்காது. தரை ஈரமாக இருந்தது. பினாயில் வாசம். உள்ளே ஒரு காலடித் தடம்கூட இல்லை.

வாசலிலேயே நின்றாள்.

தொண்டைவரை வந்ததை விழுங்கினாள்.