பாதிப் பேச்சு

“அந்தாளு பேசின பேச்சை அக்கா காதாலயே கேக்கட்டும். அப்புறம் இந்தக் கல்யாணம் வேணுமா வேண்டாமான்னு அவங்களே சொல்லட்டும். போடும்மா!”

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளின் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் மேலே வருவது என்று, வரப்போகிற சம்பந்தியோடு காலையில் மோதியிருந்தார். போனைக் காதில் வைக்காமல் மேசைமேல் வைத்தே பேசுகிற ஆள் அவர். மகள் உருவாக்கிவரும், பேச்சைப் பதிவுசெய்யும் ஆப், சோதனைக்காக அவருடைய போனில்தான் இருந்தது. தீர்ப்புச் சொல்ல இப்போதுதான் வந்து இறங்கியிருந்தார் அவருடைய அக்கா, மகளுக்கு அத்தை.

“ஒரு சிக்கல்ப்பா,” என்றாள் மகள். “எதிர்முனையில பேசுறதை எந்த ஆப்புக்கும் போன் குடுக்காது. நம்ம பக்கத்து மைக்ல விழுறதுதான் பதிவாகும்.”

“அப்போ அவன் பேசினது?”

“உங்க குரல் மட்டும்தான் இருக்கு.”

“பாதிக் கிணறு தாண்டுற ஆப்பா? இதுக்கா ரெண்டு வருஷமா கண்ணைக் கெடுத்துக்கிட்டே?” என்றார் அத்தை.

“என் பாதியையே போடு. அவன் அத்தனை பேசியும் நான் எவ்வளவு பொறுமையாப் பதில் சொன்னேன்னு தெரியட்டும். நம்ம குடும்பத்துல யாரும் வாய் தவறினது கிடையாது.”

மகள் பதிவை ஓடவிட்டாள்.

“பேர் மேல வரணும்னா முதல்ல பேர் எடுத்திருக்கணும்யா!” அப்பாவின் குரல் சுவரில் மோதியது. மௌனம். “உன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்கிறதே பெருசு!” மௌனம். “வைடா போனை!”

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொறுமை எங்கடா வருது? இன்னும் கொஞ்சம் ஓடணுமா?”

அப்பாவின் முதுகு வளையவில்லை. பார்வை மட்டும் தரைக்கு இறங்கியது.

“‘டா’ன்னா சொன்னேன்?”

அத்தை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நம்ம அப்பா, கதவைத் தட்டுற யாரையும் ‘வாங்க’ன்னுதான் சொல்வார்,” என்றார் அத்தை மெதுவாக.

அப்பா எழுந்தார். “நேர்லயே போறேன்க்கா. அவன் பேசினதுக்கு அவன் பொறுப்பு. இது என் வாயில வந்தது.” சட்டை மாற்ற உள்ளே போனார்.

அத்தை குரலைத் தாழ்த்தினார். “ஏண்டி, உங்கப்பன் ஸ்பீக்கர் போடாம பேசவே மாட்டானே! அந்தாளு குரலும் மைக்ல விழுந்திருக்குமே?”

“விழுந்துச்சு அத்தை. ரெண்டு குரலையும் தனித்தனியாப் பிரிக்கிறதுதான் அந்த ஆப்போட வேலையே.”

“அப்போ அந்தப் பாதி எங்கே?”

மகள் தன் போனை நீட்டினாள். மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்திருந்தது: ‘நீ அனுப்பின பாதியை எங்கப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். சட்டையை மாத்திக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் கிளம்புறார்.’