நோட்கே சொல்லாத நன்றி

"அந்த நோட்கே இருக்கானே, நன்றி கெட்ட ஜென்மம்" என்றார் ஃபைவிஷ்.

யூதர்களின் ஜெபக்கூடத்து நிர்வாகி அவர். இருபத்திரண்டு வருஷமாக, ஜெபத்தில் யாராவது ஒரு எழுத்தை முழுங்கினால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டுக்கு நேமன் ஆற்றின் அக்கரையில் மேயும் ஆடுகள்கூட நிமிர்ந்து பார்க்கும். நம்பாதவர்கள் ஆடுகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், உறைந்த ஆற்றைச் சறுக்குவண்டியில் கடக்கும்போது பனி உடைந்து இரண்டு பேர் உள்ளே போனார்கள். தெப்பக்காரன் நோட்கே பிழைத்து வந்தான். கூடப் போன இளைஞன் இட்சல் வரவில்லை.

சாவிலிருந்து தப்பியவன், ஜெபக்கூடத்தில் பத்து ஆண்களாவது இருக்கும்போது எழுந்து நின்று, சத்தமாகக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். அரை நிமிஷ வேலை.

நோட்கே மாட்டேன் என்றான்.

போன திங்கட்கிழமை ஃபைவிஷ் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்தான். நேரே கணப்புப் பக்கம் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஆத்துத் தண்ணி இன்னும் வடியலண்ணே. கொஞ்சம் காஞ்சுக்கிறேன்."

இன்று வியாழக்கிழமை. காலை ஜெபத்துக்கு முன்பே வாசலில் அவனை மடக்கிவிட்டார் ஃபைவிஷ். பக்கத்தில் மர வியாபாரி ஹென்னக், தொப்பையும் குடையுமாக.

"பனி உருகிடுச்சு. ஞாயித்துக்கெழம என் மரத் தெப்பம் கெளம்புது" என்றார் ஹென்னக். "இன்னிக்கு நன்றி சொன்னாத்தான் உனக்கு அதுல எடம். நன்றி சொல்லாதவனை ஏத்திக்கிட்டுப் போனா, ஆறு என் மரம் மொத்தத்தையும் கேக்கும்."

"உங்க மரத்தைக் கேக்குற அளவுக்கு ஆத்துக்கு நாக்கு செத்துப் போகல" என்றான் நோட்கே.

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல" என்றார் ஃபைவிஷ். "வீட்ல நாலு பேரு பசியோட இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தெப்பம், அதுவும் போச்சுன்னா என்னத்தடா திம்பீங்க?"

"உருளைக்கிழங்குத் தோலு. போன வருஷம் தின்ன அனுபவம் இருக்கு."

ஃபைவிஷ் தாடியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"சரி, இதைச் சொல்லு. காலைல கண்ணு முழிச்சதும், உசுரைத் திருப்பிக் குடுத்தாரேன்னு நன்றி சொல்றியா இல்லியா?"

"சொல்றேன்."

"ரொட்டி தின்னா?"

"சொல்றேன். ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாக்கூடச் சொல்றேன்."

"அதுக்குச் சொல்ற வாய், உசுரு பொழச்சதுக்குச் சொல்லாதா?"

"அதையும் சொல்லியாச்சுண்ணே. ஆத்தங்கரையிலயே, பல்லு தந்தி அடிக்கும்போதே. அவருக்குக் கேட்டிருக்கும்."

"ஊரு முன்னால சொல்லணும். அதான் சட்டம்."

"சட்டம் உங்களுது. வாய் என்னுது."

ஹென்னக் குடையால் உள்ளே காட்டினார். கடைசி பெஞ்சில், ஜன்னலுக்குக் கண்ணாடி போடும் ஜெலிக் உட்கார்ந்திருந்தார். இட்சலின் அப்பா.

"அங்க பாரு. பெத்த புள்ளையை ஆத்துக்குக் குடுத்த மனுஷன். ஏழு நாள் தரையில உக்காந்து அழுதுட்டு, எட்டாம் நாள்லேர்ந்து தெனமும் எந்திரிச்சு நின்னு கடவுளைத் துதிக்கிறாரு. உனக்கு என்னடா கேடு?"

நோட்கே ஜெலிக்கின் பக்கம் பார்க்காமல், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனான்.

ஃபைவிஷ் ஆட்களை எண்ணினார். மனிதர்களை எண்ணினால் கண் பட்டுவிடும். அதனால் அங்கே "ஒண்ணில்ல, ரெண்டில்ல" என்றுதான் எண்ணுவார்கள். "பத்தில்ல"வோடு முடிந்தது. சின்ன ஊர். பதினோராவது ஆளைப் பண்டிகைக்குத்தான் பார்க்க முடியும்.

வேதம் எழுதிய மறைச்சுருளை வாசித்து முடித்தார்கள். மேஜை ஒரு தட்டு வாங்கியது.

"நோட்கே, எந்திரி. மத்தவங்க எல்லாரும் கேட்டுக்குங்க. அவன் சொல்லி முடிச்சதும், 'உனக்கு நல்லது செஞ்சவர் என்னைக்கும் உனக்கு எல்லா நல்லதும் செய்யட்டும்'னு அவனைப் பார்த்துச் சொல்லணும். ஒன்பது குரலும் என் காதுல விழணும். ஒரு வாய்கூட மூடியிருக்கக் கூடாது."

நோட்கே எழுந்தான். இந்தத் தடவை கணப்புப் பக்கம் போகவில்லை. நேராக மேஜைக்கு வந்தான். ஹென்னக் ஜெயித்துவிட்ட முகத்தோடு குடையைத் தரையில் ஊன்றினார்.

நோட்கே குனிந்து, ஃபைவிஷின் காதுக்கு மட்டும் விழும்படி கேட்டான்:

"ஜெலிக்கும் அதைச் சொல்லணுமாண்ணே?"

ஃபைவிஷ் கடைசி பெஞ்சைப் பார்த்தார். ஜெலிக் எழுந்து நின்றிருந்தார். ஊரோடு சேர்ந்து சொல்ல வேண்டுமே என்று, காய்ந்த உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டிருந்தார்.

மேஜை இன்னொரு தட்டு வாங்கியது.

"சொல்லிட்டான்" என்றார் ஃபைவிஷ். "நானும் பதில் சொல்லிட்டேன். ஜெலிக், நீங்க உக்காருங்க. அடுத்த ஜெபம்."

ஹென்னக் துள்ளினார். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"காதுல மரத்தூள் அடைச்சிருக்கும், எடுத்துட்டு வாரும். ஞாயித்துக்கெழம தெப்பத்துல அவனுக்கு முன் துடுப்புப் பக்கம் எடம் போடும்" என்றார் ஃபைவிஷ், திறந்து கிடந்த மறைச்சுருளுக்கு முன்னால் நின்று, வாய் கூசாமல்.