குளிர் பட்ட இடம்

ஏசியில் கொஞ்ச நேரம் இருந்தாலே செலஸ்டினாவுக்கு உடம்பு சிவந்து தடித்துக் காய்ச்சல் வந்துவிடும். வேலை செய்யாமலிருக்க அவள் போடும் நாடகம் என்பான் கணவன் ரொசாரியோ.

"நோய்தான்," என்றார் டாக்டர். "கிருமி வந்தா கொதிச்சு எழ வேண்டிய எதிர்ப்பு சக்தி, இவங்களுக்குக் குளிர் பட்டாலே எழுந்துடுது. பிறவியிலேயே உள்ளது. பிள்ளைக்கும் இருக்கலாம்."

செலஸ்டினா சட்டென்று மகளைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து ஆஸ்பத்திரி ஏசியில் காத்திருந்த ஆறு வயது ஷெரின், முழுக்கைச் சட்டைக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள்.

ரொசாரியோ மகள் முன்னால் மண்டியிட்டான்.

"கையைக் காட்டு பாப்பா."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா," என்றாள் அவசரமாக. "நான் நல்லாத்தான் இருக்கேன்."