வராதவரின் சம்மதம்

2058 மார்ச் 14, வியாழன், காலை 10.20. திருச்சியில் மேகமற்ற வெயில். அமெரிக்கக் குடும்ப நீதிமன்றங்கள், இணையவழி விசாரணைக்கு உரிய நேரத்தில் வராதவரைச் சம்மதித்தவராகவே கொள்ளும். அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் கோடை நேரம் தொடங்கியதை அறியாமல், முந்தைய இரவு விசாரணையில் ஒரு மணி நேரம் தாமதமாக இணைந்த செபஸ்தியான், மகளைக் காணும் உரிமையைத் துறக்கச் சம்மதித்தவரானார்.

"அவங்க கடிகாரத்தத் தள்ளி வச்சா, என் புள்ளையும் தள்ளிப் போயிடுவாளா, மேடம்?"

"உங்க போன் காலண்டர் பழைய நேரத்துலயே நின்னுடுச்சு சார். தப்பு உங்களுது இல்லன்னு கோர்ட்டுக்கு எழுதி அனுப்பியிருக்கேன்," என்றார் நேரப்பிழை அலுவலர் இளவேனில். அதே முறையீட்டுடன் வந்தவர்கள் வாசல்வரை நின்றனர்.

மறுநாள் காலையில் நீதிமன்றம் கையொப்பமிட்ட தீர்ப்பு வந்தது. பிழை ஏற்கப்பட்டது. இழந்த ஒரு மணி நேரம், நவம்பரில் கடிகாரங்கள் பின்னோக்கி நகரும்போது மீளக் கிடைக்கும். மறுவிசாரணை அந்த மணி நேரத்திலேயே நடைபெறும். அதுவரை சந்திப்பு இல்லை.

இளவேனில் இருமுறை வாசித்தார். பிறகு அதைச் செபஸ்தியானிடம் நீட்டினார்.