டேக் ஆஃப்

ஆங்கிலப் பயிற்சி நிலையத்தின் ஜன்னலோர மரப்பொந்தில் குடியிருந்த கிளி, உள்ளே கேட்டதையெல்லாம் மைனாவுக்குப் பாடம் எடுத்தது. தன்னிடம் மைனா தமிழில் பேசினால் திரும்பிக்கூடப் பார்க்காது.

அன்றைய பாடம் 'டேக் ஆஃப்'.

"சட்டையைக் கழட்டினா டேக் ஆஃப். விமானம் கிளம்பினாலும் டேக் ஆஃப். லீவு போட்டாலும், வியாபாரம் சூடுபிடிச்சாலும், ஒருத்தர் மாதிரி பேசிக் காட்டினாலும் அதேதான்," என்றது கிளி.

மைனா பயபக்தியோடு தலையாட்டியது. அப்போதுதான் கிளிக்குப் பின்னால் ஒரு பூனை பதுங்கி வருவதைக் கண்டது.

"சார், பூனை வருது! பறந்துடுங்க!"

கிளி காதில் வாங்கவில்லை. மைனா அவசரமாக ஆங்கிலத்துக்குத் தாவியது.

"சார், டேக் ஆஃப்! டேக் ஆஃப்!"

கிளியின் முகம் மலர்ந்தது. "சபாஷ்! இதுல எந்த அர்த்தத்துல சொல்றே? முழு வாக்கியமா சொல்லு பார்ப்போம்."

பூனை பாய்ந்தது. கிளி எப்படியோ உயிர் தப்பியது. வால் மட்டும் பூனையின் வாயோடு போயிற்று.

மறுநாள், கிளையில் நிற்கமுடியாமல் தள்ளாடிக்கொண்டே, "நேத்து உன் உச்சரிப்பு சரியில்லை," என்றது கிளி.

மைனாவுக்கு வெட்கமாகிவிட்டது. "மன்னிச்சு..." என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரி, சார்" என்றது.