ஒரு கிண்ணம் பழைய சோறு

"பையைத் திற" என்றார் சுந்தரராமன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக்கூடக் கீழே வைக்காமல் எழுந்து வந்திருந்தார்.

தமிழ்மொழி வாசல் கதவருகே நின்றாள். ஒரு கால் செருப்புக்குள், மறுகால் வெளியே.

"இன்னாத்துக்கு சார்?"

"திறன்னா திறக்கணும். கேள்வி என்ன வேண்டிக் கிடக்கு?"

மயிலாப்பூரில் மூன்றாவது மாடி ஃப்ளாட். சனிக்கிழமை காலை பத்து மணி. அவர் மனைவி நீரஜா அந்த வாரத்து வீடியோவை அப்போதுதான் எடுத்து முடித்திருந்தாள். மீந்த சாதம், மீந்த குழம்பு, டப்பாவின் அடியில் ஒட்டிக் கிடக்கும் பருப்பு, இவற்றை வைத்தே சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது எப்படி என்று ஊருக்குப் பாடம் நடத்துகிறாள். அறுபதாயிரம் பேர் பார்க்கிறார்கள். இன்றைய பாடம், பழைய சாதத்தில் வெங்காயமும் மிளகும் போட்டுத் தாளித்த சாதம். அதுதான் இப்போது சுந்தரராமன் தட்டில். "ஒரு பருக்கைகூட வீணாகக் கூடாது" என்று கைகூப்பித்தான் எப்போதும் முடிப்பாள்.

காய் நறுக்கி, பாத்திரம் தேய்த்து, மேடை துடைத்து அந்தப் பாடத்தை நடக்க வைக்கிறவள் தமிழ்மொழி. அவள் விரல்கூட வீடியோவில் தெரியாது.

"நான் காட்டறேன்ப்பா" என்று லேப்டாப்பைத் திருப்பினான் மகன் ஷ்ரவண். "வெளிச்சம் சரியா இருக்கான்னு பாக்க ஏழு மணிக்கே கேமராவை ஆன் பண்ணினேன். ஆஃப் பண்ண மறந்துட்டேன். இதோ பாருங்கோ."

திரையில் தமிழ்மொழி இருபுறமும் பார்த்தாள். ஒரு எவர்சில்வர் டப்பாவை மூடி, அவசரமாகப் பைக்குள் திணித்தாள்.

"சனிக்கிழமை ஆனா அந்த டப்பா வந்துடறது. நானும் கவனிச்சுண்டுதான் இருக்கேன்" என்றாள் நீரஜா. "கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

"கேட்டா குடுப்பியாம்மா? மத்தியானம் மீந்ததை மூணு மணிக்கே குப்பைல கொட்டிட்றே" என்றாள் தமிழ்மொழி.

பொய்யில்லை. பழசு அந்த வீட்டில் ராத்தங்கக் கூடாது. சுந்தரராமன் கட்டிக்காக்கும் ஆசாரம் அது. சனிக்கிழமை மட்டும், தாளித்துவிட்டால் தோஷமில்லை என்று ஒரு சலுகை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆப்பில் வரும் பீட்சாவுக்கு ஆசாரம் கிடையாது.

"பேச்சை மாத்தாதே. திற!"

திறந்தாள். டப்பா காலி. ஓரத்தில் நாலு பருக்கை.

"பாத்தியா, பருக்கை ஒட்டிண்டிருக்கு! சாதத்தை எங்கடி மாத்தினே?" அவர் குரல் மாடிப்படி வரை போனது. "இந்த பில்டிங்ல நாலு வீட்ல வேலை பாக்கறே இல்லையா? இப்பவே வாட்ஸ்அப் குரூப்ல போடறேன். நாளைலேர்ந்து எந்த வீட்டு வாசலை மிதிக்கறேன்னு பாக்கறேன்."

தமிழ்மொழி திரும்பினாள். செருப்பு அலமாரிக்கு மேலே, சன்னல் விளிம்பில் கவிழ்ந்திருந்த டம்ளரை எடுத்தாள். அது அவளுடைய டம்ளர். அந்த வீட்டில் மற்ற டம்ளர்களோடு அது சேராது. தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தாள்.

"தம்பி, நீ பின்னாடி மட்டுந்தான் பாத்துகீற. முதல்லருந்து போடு."

"எதுக்கு?"

"போடு நைனா. என் பொழப்பு போவப் போவுது. முழுசா பாத்துட்டு அனுப்பு."

ஷ்ரவண் பின்னால் நகர்த்தினான்.

ஏழு பத்து. காலி மேடை. தமிழ்மொழி உள்ளே வருகிறாள். பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறக்கிறாள். அதிலிருந்த சோற்றை நீரஜாவின் பீங்கான் கிண்ணத்தில் கொட்டுகிறாள். ஒட்டியதை விரலால் வழித்துப் போடுகிறாள். இருபுறமும் பார்க்கிறாள். காலி டப்பாவை மூடிப் பைக்குள் வைக்கிறாள்.

ஷ்ரவண் வீடியோவை நிறுத்தினான்.

"அது... யாராத்து சாதம்?" என்றாள் நீரஜா.

"எங்க வூட்டுச் சோறு. ரேஷன் அரிசி."

"என்னண்ட சொல்லியிருக்கலாமே!"

"மூணு வாட்டி சொன்னேம்மா, இங்க பழசே இல்லன்னு. நீ இன்னா சொன்னே? 'எனக்குத் தெரியாது, சனிக்கிழமை காலைல மேடைல பழைய சாதம் இருக்கணும், இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்'னே."

"அதுக்காக உங்க வீட்ல மீந்ததைக் கொண்டுவந்து..."

"மீந்ததா?" தமிழ்மொழி சிரித்தாள். "கால்வாயோரம் எங்க வூட்ல எதும்மா மிஞ்சுது? வெள்ளிக்கெழமை ராத்திரி என் பங்கை எடுத்து வெச்சிட்டு, தண்ணி குடிச்சிட்டுப் படுத்துப்பேன். நீ கையெடுத்துக் கும்பிட்டு மீந்துச்சுன்னு சொல்றியே, அது என் ராச்சாப்பாடு."

சுந்தரராமன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பருக்கைகள் கொட்டை கொட்டையாக இருந்தன. டப்பாவில் ஒட்டியிருந்தவை போலவே.

"எத்தனை நாளா?" குரல் இறங்கியிருந்தது.

"ஆறு மாசமா சார். போன வாரம் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் துன்னீங்க. நம்மாத்து சாதத்து ருசியே தனின்னீங்க."

அவர் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

தமிழ்மொழி இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டாள். காலி டப்பாவைப் பைக்குள் போட்டாள். சன்னல் விளிம்பில் வைத்த டம்ளரை மறுபடி எடுத்து, மிச்சத் தண்ணீரை உதறி, அதையும் பைக்குள் போட்டாள்.

"இத்த மட்டுந்தான் சார் உங்க வூட்லருந்து எடுத்துக்கினு போறேன். தம்பி, நல்லாப் படம் புடிச்சிக்கோ."